70 மி.மீ. டெலஸ்கோப்பில் யூரோப்பா: மூன்று மாத அனுபவம்

ஆன்லைனில் 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். 70 மி.மீ. லென்ஸ், 700 மி.மீ. குவியத்தூரம். வாங்கியதே வியாழனின் நிலவான யூரோப்பாவைப் பார்க்கத்தான். அதன் பனி ஓட்டுக்குக் கீழே பூமியின் கடல்களைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் இருக்கலாம் என்கிறார்கள்.

முதலில் குறைகள். ஸ்டாண்ட் ரொம்ப லேசு. ஃபோகஸ் திருகைத் தொட்டாலே வியாழன் ஆடுகிறது. நடுவில் 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்ட பிறகு பரவாயில்லை. அட்டைப்பெட்டியில் 210 மடங்கு என்று போட்டிருக்கிறது, நம்பாதீர்கள். கூட வரும் 3 மடங்கு பார்லோவை (உருவத்தை இன்னும் பெரிதாக்கும் கூடுதல் லென்ஸ்) போட்டால் பெரிய மங்கல்தான் மிச்சம். கண் வைத்துப் பார்க்கும் 10 மி.மீ. ஐபீஸ் தரும் 70 மடங்கு அருமை: வியாழனின் இரண்டு பட்டைகளும் தெரிகின்றன, ஓரத்தில் கொஞ்சம் ஊதா படர்ந்தாலும். ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடியான டயகனலில் இடம் வலம் மாறித் தெரியும். வான வரைபடம் காட்டும் ஸ்டெல்லேரியம் ஆப்போடு ஒப்பிடும்போது கவனம்.

யூரோப்பா ஒரு புள்ளிதான். பனியோ வெடிப்புகளோ தெரியாது. ஆனால் தினமும் இரவு 8 மணிக்கு மொட்டை மாடிக்குப் போய், நோட்டில் வியாழனுக்கு ஒரு வட்டமும் அதன் பெரிய நிலவுகளுக்கு நான்கு புள்ளிகளும் வரைந்தேன். ஒரு நாள் யூரோப்பா வியாழனின் விளிம்பில் ஒட்டி, மங்கி, காணாமல் போனது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கிட்டத்தட்ட 3 மணி நேரம் கழித்து மறுபக்கம் வந்தது.

ஒரு மாதத்தில் நோட்டிலேயே கணக்கு தெரிந்துவிட்டது. யூரோப்பா மூன்றரை நாளில் ஒரு சுற்று. அதற்குள் இன்னொரு நிலவான அயோ இரண்டு சுற்று. மற்றொரு நிலவான கனிமீடுக்கு ஒரு வாரம். அந்தக் கடல் உறையாமல் இருப்பதற்கு முக்கியக் காரணமே இந்தத் தாளம்தான். இந்த ஒழுங்கில் அயோவும் கனிமீடும் மாறி மாறி இழுத்துக்கொண்டே இருப்பதால் யூரோப்பாவின் பாதை முழு வட்டமாக முடியவில்லை. வியாழனை நெருங்கியும் விலகியும் போகும்போது அதன் ஈர்ப்பு யூரோப்பாவைப் பிசைந்து பிசைந்து விடுகிறது, உள்ளே சூடு பிறக்கிறது. கடல் தெரியாவிட்டாலும் அதன் அடுப்பு எரிகிற விதம் என் பென்சில் கோடுகளில் இருக்கிறது. கொடுத்த காசு அதற்கே சரியாகப் போயிற்று.

2024 அக்டோபரில் கிளம்பிய நாசாவின் யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030 ஏப்ரலில் வியாழனை அடையும். 49 தடவை இந்த நிலவை ஒட்டிப் பறக்கும், மிக நெருக்கத்தில் 25 கி.மீ. உயரத்தில். அந்த இரவுகளிலும் நோட்டோடு மாடியில் இருப்பேன்.

வாங்குகிறவர்கள் ஸ்டாண்டை மட்டும் கனமானதாகக் கேட்டு வாங்குங்கள்.