பெரியப்பாவும் ஆறு மீட்டர் வயரும்: ஒரு காலர் மைக் அனுபவம்

பெரியப்பா ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் 24 வருடம் இருந்தவர். பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் பயிற்சி, 1971 டிசம்பரில் பாகிஸ்தான் எல்லையில் ஷகர்கர் பக்கம் போர், ஹவில்தாராக ஓய்வு. இப்போது குடியாத்தம் அருகே திண்ணையும் தினசரியுமாக இருக்கிறார். பேரப்பிள்ளைகள் பார்க்கட்டுமே என்று அவரைப் பற்றி வீட்டளவில் ஒரு படம் எடுக்கக் கிளம்பினேன். போன் ஏற்கெனவே இருந்தது. காசு கொடுத்து வாங்கியது இந்தக் காலர் மைக் ஒன்றைத்தான், ஆயிரம் ரூபாய்க்குள்.

வயர் இல்லாத மைக் வாங்காததற்கு என்னை எல்லோரும் கேலி செய்தார்கள். எனக்கு இந்த ஆறு மீட்டர் வயர்தான் பிடித்தது. போனை முற்றத்தில் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, வயரைத் தூண் ஓரமாக ஓட்டி, அவரைத் திண்ணையிலேயே உட்காரவைத்தேன். கண்ணெதிரே போன் இல்லையென்றால் மனுஷர் பத்தே நிமிடத்தில் அதை மறந்துவிடுகிறார். அப்புறம்தான் பேச்சு வருகிறது.

முதல் நாளே சொதப்பினேன். வயர் நடுவில் ஒரு சின்னப் பெட்டி, அதில் போனுக்கா கேமராவுக்கா என்று ஒரு சுவிட்ச். அது கேமரா பக்கம் இருந்ததை நான் பார்க்கவில்லை. 40 நிமிடம் பெரியப்பா கையை ஆட்டிப் பேசுகிறார், போட்டுப் பார்த்தால் வெறும் இரைச்சல். மறுநாள் திரும்பச் சொன்னார். சொன்னது அதே கதைதான், ஆனால் பக்கத்துப் பதுங்குகுழியில் இருந்த ஊர்க்காரரைப் பற்றி முதல் நாள் சொன்னதை மட்டும் விட்டுவிட்டார். கேட்டேன். "அது போகட்டும் தம்பி" என்றார். பதிவைத் தொடங்குமுன் அரை நிமிடம் பேசவைத்து, இயர்போனில் கேட்டுவிடுங்கள். குறிப்புத்தாளில் இதைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கலாம்.

'தம்பி' என்றதும் ஞாபகம் வருகிறது. மெட்ராஸ் சாப்பர்களை ராணுவம் முழுக்கத் 'தம்பிகள்' என்றுதான் கூப்பிடுவார்களாம். 21 வயதில் தம்பியாகப் போனவர், இன்று எதிரில் வருகிறவனையெல்லாம் தம்பி என்கிறார்.

மைக்கின் தரம் தெரிந்தது அந்த ஷகர்கர் பக்கத்துப் பசந்தர் ஆற்றைப் பற்றிப் பேசியபோது. ஆற்றைக் கடக்கும் டாங்கிகளுக்குக் கண்ணிவெடி எடுத்து வழி செய்வது சாப்பர்கள் வேலை. வழி முழுதாகத் திறக்குமுன்பே அக்கரையில் நெருக்கடி முற்றி, பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படையின் டாங்கிகள் பாதி எடுத்த வெடிவயலுக்குள்ளேயே இறங்கிப் போய்விட்டன. டிசம்பர் 16 அன்று அங்கே டாங்கிக்குள் உயிர்விட்ட அந்தப் படையின் அதிகாரி அருண் கேதர்பாலுக்கு, இறந்தபின், பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது. பெரியப்பா செய்ததுதான் புத்தகத்தில் இல்லை. துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு முற்றத்து மண்ணில் குத்துக்காலிட்டார். குச்சியைச் சாய்த்து, மெதுவாக மண்ணுக்குள் விட்டு, எடுத்து, நாலு விரற்கடை தள்ளி மறுபடி விட்டார். "செங்குத்தா குத்தினா மைன் தலையிலயே குத்தினதாயிடும். சாய்ச்சு விட்டா பக்கவாட்டுல தட்டும், கையில தெரியும்." மண்ணில் குச்சி இறங்கும் அந்தச் சரக் சத்தம், நடுவில் அவர் மூச்சு, எல்லாம் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது. போன் மைக்கை மட்டும் நம்பியிருந்தால் தெருவில் போன பால்காரர் வண்டிதான் கேட்டிருக்கும்.

குறைகளும் உண்டு. நாலாபக்கமும் கேட்கிற மைக் இது. மின்விசிறியை நிறுத்தியே ஆகவேண்டும், குக்கர் விசிலுக்குக் காத்திருக்க வேண்டும். வெடிச்சத்தத்தில் பெரியப்பாவுக்கு ஒரு காது மந்தம், அதனால் நான் கத்திக் கேட்ட கேள்விகள் அவர் குரலை அமுக்குகின்றன. கிளிப் சட்டைக்காகச் செய்தது, பனியன் கழுத்தில் நிற்காது. துண்டில் குத்தினேன். கடைசி நாள் கோட்டுப் போட்டு மெடல்களை மாட்டிக்கொண்டுதான் பேசுவேன் என்று அடம். பச்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல் என்று 71 போருக்கு வாங்கியதெல்லாம் மைக்கில் மோதிக் கிலுங் கிலுங் என்றன. மைக்கை வலப்பக்க மடிப்புக்கு மாற்றியதும் சரியாயிற்று. உங்கள் போனில் உருண்டை இயர்போன் ஓட்டை இல்லையென்றால் அடாப்டர் ஒன்று தனியாக வாங்கவேண்டும். மலிவானதில் கொரகொரவென்று வந்தது.

வெட்டி ஒட்டி 22 நிமிடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். வெட்டாத பதிவுகளைத் தனி ஹார்டுடிஸ்கில் வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் காங்கிரஸ் நூலகம் முன்னாள் வீரர்களின் பேட்டிகளைச் சேர்க்கிறது, 30 நிமிடமாவது இருக்கவேண்டும், வெட்டக்கூடாது என்பது அங்கே விதி. இரைச்சல் பதிவையும் அதனால்தான் அழிக்கவில்லை.

நடந்துகொண்டே எடுப்பவர்களுக்கு இது ஆகாது. உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு வாங்கலாம், ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்றைக் குறைத்தது சுவிட்சுக்காக. படத்தில் 14ஆவது நிமிடம் சமையலறையிலிருந்து பெரியம்மா, "அது ஜனவரி மொதல்ல இல்லீங்க, பொங்கல் கழிச்சுத்தான் கடுதாசி வந்துச்சு" என்று திருத்துவது கணீரென்று கேட்கிறது. அதை எடுத்துவிடச் சொல்லிப் பெரியப்பா தினமும் போன் செய்கிறார்.