வாரம் ஒருமுறை மாத்திரையைத் 'தினமும்' என்று எழுதிவிடுகிறார்கள்: மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர்கள் கவனத்துக்கு

முடக்குவாதத்துக்கோ சொரியாசிஸுக்கோ மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால், மருந்துச் சீட்டை இப்போதே எடுத்துப் பாருங்கள். இந்த நோய்களுக்கு இது வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிடும் மருந்து. வழக்கமான அளவு வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை. அதைத் தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு.

தவறு பல நேரம் சிறப்பு மருத்துவரிடம் தொடங்குவதில்லை. எலும்பு முறிவு, காய்ச்சல் என்று நோயாளி வேறொரு மருத்துவமனையில் சேருகிறார். பழைய மருந்துகளைப் பார்த்து எழுதும் பயிற்சி மருத்துவர், மற்றதெல்லாம் தினசரி மருந்து என்பதால் இதற்கும் 'தினமும்' என்று போட்டுவிடுகிறார். செவிலியர் அட்டவணைப்படி கொடுக்கிறார். அதே வரி டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறுகிறது. மருந்துக் கடையும் கேட்காமல் கொடுக்கிறது. இத்தனை பேர் பார்த்தும் ஒருவர்கூட நிறுத்திக் கேட்காததுதான் கொடுமை.

இன்னொரு தவறு மாத்திரையின் அளவில். 2.5, 10 மில்லிகிராம் எனப் பல அளவுகளில் வருகிறது. 'ஆறு மாத்திரை' என்று மட்டும் சொல்லிவைத்தால், 15 மில்லிகிராம் போக வேண்டிய இடத்தில் 60 போய்விடும்.

செல்கள் பெருகத் தேவையான ஃபோலிக் அமிலத்தை உடல் பயன்படுத்த விடாமல் தடுப்பதே இந்த மருந்தின் வேலை. வேகமாகப் பெருகும் எலும்பு மஜ்ஜை, வாய், குடல் செல்களுக்குத்தான் முதல் அடி. வாரம் ஒருமுறை என்றால் அவை தேறிக்கொள்ள நேரம் இருக்கிறது. தினமும் விழுந்தால் இல்லை. மருந்து வெளியேறுவது சிறுநீரகம் வழியாக என்பதால் வயதானவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், வயிற்றுப்போக்கில் நீர் வற்றியவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். சிறுநீர்த் தொற்றுக்கு எழுதப்படும் கோட்ரைமாக்சசோல் சேர்ந்தால், சரியான அளவே விஷமாகலாம்.

பெரும்பாலும் முதலில் வாய்ப்புண் வரும். அதை வைட்டமின் குறைவு என்று சொல்லி பி காம்ப்ளெக்ஸ் எழுதி அனுப்புவது அடுத்த தவறு; அதில் வீணாகும் நாட்கள் விலைமதிப்பற்றவை. காய்ச்சல், தொண்டை வலி, அடிபடாமலே கன்றிப்போதல், ஈறில் ரத்தம், வறட்டு இருமல், மூச்சுத்திணறல் எல்லாமே அபாய அறிகுறிகள். தினமும் சாப்பிட்டது தெரிந்தால், அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். 'மெத்தோட்ரெக்சேட்டை இத்தனை நாள் தினமும் சாப்பிட்டிருக்கிறார்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். முழு ரத்த எண்ணிக்கை, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை தேவை. மாற்றுமருந்து ஃபோலினிக் அமிலம். கடையில் கிடைக்கும் ஃபோலிக் அமில மாத்திரை அதற்கு ஈடாகாது.

சீட்டில் கிழமையின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். திங்கட்கிழமை வேண்டாம், ஆங்கிலச் சீட்டில் 'மண்டே' என்பதை 'மார்னிங்' என்று வாசித்துத் தினமும் காலையில் சாப்பிட்டது நடந்திருக்கிறது. 2.5 மில்லிகிராம் மாத்திரையை மட்டும், ஒரு தடவைக்கு நான்கு வாரத்துக்கு மேல் போகாமல் வாங்குங்கள். இது வலி மாத்திரை இல்லை, பலன் தெரியவே வாரக்கணக்காகும். வலி கூடிய நாளில் ஒன்று கூடுதலாகப் போடவே கூடாது.

புகாரோ வழக்கோ போடுவதாக இருந்தால், எல்லா மருத்துவத் தவறும் சட்டப்படி அலட்சியம் ஆகிவிடாது. மருத்துவருக்கு உங்கள்மீது கடமை இருந்தது, திறமையுள்ள மருத்துவர் செய்வதிலிருந்து அவர் விலகினார், பாதிப்பு வந்தது, அந்த விலகலால்தான் வந்தது என நான்கையும் காட்ட வேண்டும். பல வழக்குகள் நான்காவதில்தான் விழுகின்றன. இங்கே அதற்கான ஆதாரம் உங்கள் கையிலேயே இருக்கலாம்: மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, தேதியுள்ள மருந்துக் கடை ரசீது, ரத்தப் பரிசோதனை முடிவுகள். மீதி மாத்திரையுள்ள அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். எத்தனை குறைந்திருக்கிறது என்பதே எத்தனை நாள் சாப்பிட்டார் என்று காட்டும். வார்டு மருந்து அட்டவணையின் நகலை உடனே எழுத்துமூலம் கேளுங்கள். வழக்குக்குக் காலவரம்பு உண்டு, அது நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் வழக்கறிஞரிடம் முதலில் அதைத்தான் விசாரிக்க வேண்டும்.