வூசானா, கதைப் புத்தகமா, வெளிநாட்டுப் பத்திரிகையா? சீனப் பசங்களோட இங்கிலீஷ் ரீடிங் ப்ராக்டிஸ் பத்தி ஒரு அலசல்

முதல்ல மார்க் கணக்கைப் பாத்துடுவோம், எந்த ப்ராக்டிஸ் நல்லதுங்கற சண்டை எல்லாம் கடைசில அங்கதான் போய் நிக்குது. சீனாவுல ஹைஸ்கூல் முடிக்கறப்ப எழுதற காலேஜ் என்ட்ரன்ஸ் பரீட்சை காவ்காவ், ஜூன் 7 ஆரம்பம், இங்கிலீஷ் பேப்பர் 8ஆம் தேதி மத்தியானம் 3லேர்ந்து 5 வரைக்கும். 2024ல பதிவு பண்ணவங்க 1 கோடியே 34 லட்சம் பேர். அதுல இங்கிலீஷுக்குப் பதிலா ஜப்பானீஸ், ரஷ்யன்னு எடுக்கறவங்க கொஞ்சம் பேர் இருக்காங்க, அவங்களைத் தள்ளிட்டா மிச்சம் அத்தனை பேருக்கும் இங்கிலீஷ்தான்.

பேப்பர் மொத்தம் 150. லிசனிங் 30, ரீடிங் 50, க்ளோஸும் (பாசேஜ்ல விட்ட வார்த்தையை ஆப்ஷன்லேர்ந்து எடுத்து நிரப்பறது) கிராமர் ஃபில்லப்பும் சேத்து 30, எழுதறது 40. ரீடிங்ல ஏ பி சி டின்னு நாலு பாசேஜ், 15 கேள்வி, கேள்விக்கு 2.5 மார்க், ஆக 37.5. அப்புறம் ஏழுல அஞ்சுன்னு ஒண்ணு இருக்கு, ஒரு பாசேஜ்ல அஞ்சு இடத்துல வாக்கியத்தை உருவிட்டு ஏழு வாக்கியம் குடுப்பாங்க, எது எங்க பொருந்தும்னு கண்டுபிடிக்கணும், அதுக்கு 12.5. நான் சொல்றது 2021லேர்ந்து வந்த புது தேசியத் தாளோட கணக்கு, ஷாங்ஹாய், பெய்ஜிங் தாள் எல்லாம் அமைப்பே வேற.

இப்ப நம்ம கேள்வி. இந்த 50 மார்க்குக்காகப் பசங்க எதை வச்சுப் படிக்கறாங்க, அதுல எது தேறும்.

சீனாவுல யாரைக் கேட்டாலும் முதல்ல வர்ற பேர் வூசான். வூன்னா அஞ்சு, சான்னா மூணு, அஞ்சு வருஷ காவ்காவ் கேள்வி, மூணு வருஷ மாடல் கேள்வின்னு புத்தகத்தோட பேர்லயே இருக்கு, எல்லா சப்ஜெக்ட்டுக்கும் உண்டு, தூக்கினா கை வலிக்கற சைஸ். இது தனிப் புத்தகம்னு பாக்காதீங்க, ஒரு முறைன்னு பாருங்க: பாசேஜ், நாலு ஆப்ஷன், விடை, விளக்கம், அடுத்த பாசேஜ், இப்படியே நூத்துக்கணக்குல. காவ்சான்ங்கற கடைசி வருஷத்துல முக்காவாசி கிளாஸ் இதுலயே ஓடுது.

இந்த முறையைத் திட்டறது ரொம்ப ஈஸி, எல்லாரும் திட்டியாச்சு. ஆனா இதுக்குள்ளயே ரெண்டு விதமான சரக்கு கலந்து இருக்கு, அதைப் பிரிக்காம திட்டினாலும் தப்பு, புகழ்ந்தாலும் தப்பு. நிஜமா காவ்காவுல வந்த கேள்வி ஒண்ணு, அதைப் பாத்து வேற யாரோ எழுதின மாடல் கேள்வி இன்னொண்ணு. வெளித்தோற்றத்துல ரெண்டும் ஒண்ணுதான். உள்ள இருக்கற தவறான ஆப்ஷன்களைப் பாருங்க, அங்கதான் வித்தியாசமே.

ஒரு உதாரணம் நானே போடறேன். பாசேஜ்ல ஒரு தாத்தா 60 வயசுல கிடார் கத்துக்கறார், பேத்தி கிடார் வாசிக்கறா, அவகூட உக்காந்து பேச ஒரு சாக்கு கிடைக்குமேன்னுதான் ஆரம்பிச்சார்னு வருது. கேள்வி, அவர் ஏன் கிடார் கத்துக்கிட்டார்? ஆப்ஷன் ஏ, சின்ன வயசுலேர்ந்து இசை ஆசை. பி, பேத்திக்கு கிடார் சொல்லிக்குடுக்க. சி, குடும்பத்துல ஒருத்தர்கிட்ட நெருக்கமாக. டி, ரிட்டயர் ஆனப்புறம் பொழுது போக. இதுல ஏவும் டியும் உலகத்துல நடக்கற விஷயம், ஆனா பாசேஜ்ல இல்ல. பியில பேத்தி, கிடார்ங்கற ரெண்டு வார்த்தையும் அப்படியே இருக்கு, அவசரத்துல படிக்கறவன் அங்கதான் விழுவான். சரியான விடை சியில பாசேஜோட ஒரு வார்த்தை கூடக் கிடையாது, அர்த்தம் மட்டும்தான் இருக்கு. நிஜ காவ்காவ் தாள்ல இந்த வேலை ரொம்ப நேர்த்தியா நடந்திருக்கும், ஒவ்வொரு தப்பு ஆப்ஷனும் ஒரு குறிப்பிட்ட அவசரத்தைப் பிடிக்கறதுக்குன்னே வச்சது. மாடல் கேள்வியில பாதி இடத்துல வார்த்தையை மேட்ச் பண்ணாலே விடை வந்துடும், மீதி இடத்துல பியும் சியும் ரெண்டுமே சரின்னு வாதாடலாம், பின்பக்க விளக்கத்துல "மூணாவது பத்தியைப் பாத்தா தெரியும்"னு ஒரு வரி போட்டு முடிச்சிருப்பாங்க. இதுலயே 200 பாசேஜ் போட்ட பையனுக்கு, நிஜ தாள்ல உள்ள நேர்மையான விடையைப் பாத்தா சந்தேகம் வந்துடுது, இவ்வளவு சுலபமாவா இருக்கும்னு மாத்திட்டு வந்துடறான்.

அதனால என் கட்சி, நிஜ தாளுக்கும் மாடலுக்கும் போட்டின்னா நிஜ தாள்தான், அதுவும் ஒரு தடவை போட்டு மார்க் பாத்துட்டுத் தள்ளி வைக்கறதுக்கு இல்ல. ஒரே தாளை ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எடுத்து, இந்தத் தடவை சரியான விடையை விட்டுட்டு மூணு தப்பு ஆப்ஷன் ஏன் தப்புன்னு ஒவ்வொரு வரியா எழுதினா, அந்த ஒரு தாள்ல கிடைக்கறது பத்து மாடல் தாள்ல கிடைக்காது. பிரச்சனை என்னன்னா நிஜ தாள் அளவாத்தான் இருக்கு, வருஷத்துக்கு ரெண்டு மூணு தேசியத் தாள், கூட பெய்ஜிங், தியான்ஜின், ஷாங்ஹாய் தாள், அவ்வளவுதான். காவ்யீன்னு சொல்ற முதல் வருஷத்துலயே ஆர்வக்கோளாறுல எல்லாத்தையும் போட்டுத் தீத்துட்டா கடைசி வருஷத்துக்கு மிச்சம் இருக்காது. இதை நிறைய பேர் கவனிக்கறதே இல்ல.

 

அடுத்தது வாரப் பத்திரிகை. மாணவர்களுக்குன்னே வர்ற இங்கிலீஷ் வீக்லி, சைனா டெய்லி குழுமத்தோட 21ஆம் நூற்றாண்டு மாணவர் பத்திரிகை, இதெல்லாம் கிளாஸ் மொத்தத்துக்கும் சந்தா கட்டி வாங்கறது வழக்கம். புது விஷயம் இருக்கும், விண்வெளி, பருவநிலை, ஏதோ ஒரு ஊர்ல யாரோ பண்ண நல்ல காரியம்னு. படிக்க நல்லாவே இருக்கும். ஆனா பின்னாடி அதே நாலு ஆப்ஷன் கேள்வி வந்துடறதால பசங்க முன்பக்கம் படிக்காம நேரா கேள்விக்குத் தாவிடறாங்க, அப்ப இதுவும் மெல்லிசான வூசான்தான். பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, கேள்விப் பக்கத்தைக் கிழிச்சுட்டு மீதியைக் குடுக்கற டீச்சர் கிடைச்சா யோகம்.

மூணாவது, தரம் பிரிச்ச கதைப் புத்தகம். ஆக்ஸ்ஃபோர்டோட புக்வர்ம்ஸ் வரிசையை பெய்ஜிங்ல இருக்கற வெளிநாட்டு மொழி கற்பித்தல், ஆராய்ச்சிப் பதிப்பகம் இங்கிலீஷும் சீனமும் சேத்துப் போடறாங்க, பேர் ஷூச்சோங், அங்க இது இல்லாத ஸ்கூல் லைப்ரரி அபூர்வம். வரிசைக்கு அடிப்படைச் சொல் கணக்கு உண்டு, முதல் நிலை 400 வார்த்தை, ரெண்டாவது 700, மூணாவது 1000, அப்புறம் 1400, 1800, ஆறாவது 2500.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம்னா, வாசிப்பு ஆராய்ச்சியில 98 சதவீதம்னு ஒரு எல்லை சொல்லுவாங்க, 2000த்துல ஹூவும் பால் நேஷனும் பண்ண ஆய்வுலேர்ந்து வந்தது. நூறு வார்த்தைக்கு 98 தெரிஞ்சாதான் யார் உதவியும் இல்லாம ஒழுங்காப் புரியும். காவ்காவ் பாசேஜ் ஒண்ணு சுமாரா 300 வார்த்தைன்னு வச்சுக்குங்க, அப்ப தெரியாத வார்த்தை ஆறுதான் தாங்கும், பத்து பன்னெண்டு ஆச்சுன்னா அதுக்கு மேல அவன் படிக்கறது வாசிப்பு இல்ல, யூகம். காவ்காவுக்குன்னு புழங்கற 3500 வார்த்தை லிஸ்ட்டை மனப்பாடம் பண்ணதா சொல்ற பையன் கூட அதுல பாதியை லிஸ்ட்ல பாத்தாதான் கண்டுபிடிப்பான், வாக்கியத்துக்கு நடுவுல ஓடற ஓட்டத்துல பாத்தா முழிப்பான். அவனுக்கு வூசான் மாதிரி டிரில் குடுத்து என்ன பிரயோஜனம்? ரெண்டாம் நிலை, மூணாம் நிலைக் கதை இருவது குடுங்க, அந்த வார்த்தையெல்லாம் வேற வேற இடத்துல திரும்பத் திரும்ப எதிர்ல வந்து தன்னால ஒட்டிக்கும்.

அரசுப் பாடத்திட்டமே இதைச் சொல்லுது, 2017ல வந்து 2020ல திருத்தின ஹைஸ்கூல் இங்கிலீஷ் பாடத்திட்டத்துல பாடத்துக்கு வெளிய வாரத்துக்கு 1500 வார்த்தையாவது படிக்கணும், அடுத்த கட்டத்துல 2500ன்னு போட்டிருக்கு. 2500 வார்த்தைங்கறது கதைப் புத்தகத்துல அரை மணி நேரம் கூட இல்ல. ஆனா அந்த அரை மணி நேரத்தை டைம்டேபிள்ல கண்டுபிடிக்கறதுதான் ஆகாத காரியம், ராத்திரி பத்து மணி வரைக்கும் கிளாஸ்லயே உக்காந்திருக்கற பசங்க அவங்க.

கதைப் புத்தகத்துக்கு முன்னாடி ஒரு பெரிய எதிர்ப்பு இருந்துச்சு, மார்க் வராதுன்னு. அந்தக் கணக்கு மாறிடுச்சு. 2016 அக்டோபர்ல ஜேஜியாங் மாகாணத் தாள்ல முதல் தடவையா கதையைத் தொடர்ந்து எழுதற கேள்வி வந்துச்சு, இப்ப தேசியத் தாள்லயும் இருக்கு, 25 மார்க். 350 வார்த்தைக்குக் கிட்ட ஒரு கதை குடுத்து நடுவுல நிறுத்திடுவாங்க, அடுத்த ரெண்டு பத்தியோட முதல் வரியை மட்டும் குடுப்பாங்க, மீதியை 150 வார்த்தையில நாம முடிக்கணும். இதுக்கும் டிரில் முறையில ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க, கண்ணீர் வர்றதுக்கு பத்து வாக்கியம், நெஞ்சு படபடக்கறதுக்கு பத்து, சூரிய வெளிச்சத்துக்கு பத்துன்னு மனப்பாடம். யார் கதையா இருந்தாலும் கடைசில கன்னத்துல கண்ணீர் உருளும், ஜன்னல்ல வெயில் விழும். கதை படிச்ச பையனுக்கு இது தேவைப்படாது, குடுத்த கதையில நாய் காணாமப் போச்சுன்னா அது எங்க இருக்கும், யார் கண்டுபிடிப்பாங்கன்னு அவன் மனசு தானா யோசிக்கும். ஆக ரீடிங் 50, இந்த 25, ரெண்டுத்துக்கும் சேத்து உதவற ஒரே ப்ராக்டிஸ் கதைதான்.

குறை இல்லாம இல்ல. இருமொழிப் பதிப்புங்கறதால சோம்பேறிப் பையன் சீனப் பக்கத்தை மட்டும் படிச்சுட்டு முடிச்சுட்டேன்னு சொல்லுவான். அதைவிட முக்கியமா, காவ்காவ்ல சி, டி பாசேஜ் பெரும்பாலும் அறிவியல், சமூகம், ஆராய்ச்சி மாதிரி விளக்கக் கட்டுரை, கதை படிக்கற பழக்கம் அங்க ஒரு அளவுக்குத்தான் கைகொடுக்கும். ஒரே வாக்கியத்துக்குள்ள மூணு துணை வாக்கியம் தொங்கிட்டு இருக்கறதைப் பிரிச்சுப் படிக்கற பயிற்சி துப்பறியும் கதையில வராது.

அந்த இடத்துலதான் நாலாவது ஆள் உள்ள வர்றார், வெளிநாட்டுப் பத்திரிகை. எகனாமிஸ்ட், கார்டியன் மாதிரி பத்திரிகையிலேர்ந்து ஒரு கட்டுரை எடுத்து வரி வரியா அலசறது, பெரிய நகரத்து நல்ல ஸ்கூல்கள்ல இப்ப இது ஃபேஷன். சொல்ற நியாயம், காவ்காவ் பாசேஜே வெளிநாட்டுப் பத்திரிகை, வெப்சைட்லேர்ந்துதானே எடுக்கறாங்க, மூலத்தையே படிச்சா என்ன. கேக்க சரியாத்தான் இருக்கு. ஆனா கேள்வித்தாள் போடறவங்க அதை அப்படியே வைக்கறதில்ல, சுருக்குவாங்க, கடினமான வார்த்தையை மாத்துவாங்க, மாத்த முடியாததுக்குப் பக்கத்துலயே அடைப்புக்குள்ள சீன அர்த்தம் போட்டுடுவாங்க. எகனாமிஸ்ட் கட்டுரையில நையாண்டி, பிரிட்டிஷ் அரசியல் உள்குத்து எல்லாம் இருக்கும், அதைப் புரிஞ்சுக்கறதுக்கே பாதி நேரம் போயிடும், அதுக்கும் இந்தப் பரீட்சைக்கும் சம்பந்தமே இல்ல. 130க்கு மேல வாங்கற பொண்ணுக்கு வாரம் ஒண்ணு குடுத்தா பிரமாதமா வேலை செய்யும், 90 வாங்கற பையனுக்குக் குடுத்தா ஒரு பத்திக்கு நாப்பது வார்த்தை டிக்‌ஷனரி பாத்துட்டு இங்கிலீஷே வேண்டாம்னு போயிடுவான். வாங்கற அப்பா அம்மாவுக்குத்தான் இதுல திருப்தி ஜாஸ்தின்னு எனக்கு ஒரு சந்தேகம்.

ஆப் பத்தியும் சொல்லணும். பைச்சிஜான் மாதிரி படம் காட்டி வார்த்தை கத்துக்குடுக்கற ஆப் அங்க பிரபலம், நம்ம வாட்ஸ்ஆப் மாதிரி இருக்கற வீசாட்ல தினம் ஒரு அத்தியாயம் படிச்சுட்டு படிச்சேன்னு போஸ்ட் போடற சர்வீஸும் முன்னாடி பிரபலமா இருந்துச்சு. ஆனா ஹைஸ்கூல் பசங்களுக்கு இது எட்டாது, 2021 தொடக்கத்துல கல்வி அமைச்சகம் கொள்கையளவுல ஸ்கூலுக்குள்ள போன் கொண்டு வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க, ஹாஸ்டல்ல இருக்கறவன் கைக்கு போன் வர்றதே வாரக் கடைசியில. பேப்பர் டிரில் இன்னும் ராஜாவா இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம், வேற எதுவும் கிளாஸ் ரூம் கதவைத் தாண்டி உள்ள போக முடியல. டீப்சீக், டோபாவ் மாதிரி ஏஐ வச்சு கேள்வி உருவாக்கற டீச்சர்களும் இருக்காங்க, கேள்வி போடறதுல அது சுமார்தான், தப்பு ஆப்ஷன் எல்லாம் பாத்த உடனே தப்புன்னு தெரியற மாதிரி வருது. கஷ்டமான கட்டுரையை பையனோட லெவலுக்கு இறக்கி எழுதச் சொன்னா நல்லா செய்யுது, மேல சொன்ன 90 மார்க் பையனுக்கு வெளிநாட்டுக் கட்டுரையை இந்த வழியில குடுக்கலாம்.

என்னைக் கேட்டா காவ்யீயில வூசானைத் தொடவே வேண்டாம், கதை மட்டும். ரெண்டாவது வருஷம் கதையோட வாரம் ஒரு விளக்கக் கட்டுரை, நீள வாக்கியத்தைப் பிரிக்கறதுக்காக. நிஜ தாள் கடைசி வருஷத்துக்கு, அதுவும் கடிகாரம் வச்சு, ஏன்னா லிசனிங் இருவது நிமிஷம் போக மிச்சம் 100 நிமிஷம், அதுல எழுதறதுக்கு நாப்பதாவது வேணும், ரீடிங் முழுக்க 35, 40 நிமிஷத்துல முடியணும். ஆனா இது ஆரம்பத்துலயே 100க்குப் பக்கத்துல இருக்கற பையனுக்கு. கடைசி வருஷம் வந்தப்புறமும் 70ல நிக்கறவனுக்கு கதை படின்னு சொல்றது கொடுமை, நேரம் இல்ல, அவன் ஏ, பி பாசேஜை மட்டும் டிரில் பண்ணட்டும். ஏ பெரும்பாலும் விளம்பரம், அறிவிப்பு, டூர் விவரம் மாதிரி, தேடி எடுத்தா விடை கிடைச்சுடும், அங்க டிரில்தான் சரி.

மேல சொன்ன எதுவுமே ஒழுங்கா உதவாதது ஏழுல அஞ்சுதான். மாடல் புத்தகத்துல இதோட கேள்விகள்தான் இருக்கறதுலயே மோசம், எங்க வச்சாலும் பொருந்தற மாதிரி பொதுவான வாக்கியமாப் போட்டு வச்சிருப்பாங்க. இதுக்கு ஒரே வழி, படிச்சு முடிச்ச ஒரு நல்ல கட்டுரையை எடுத்து, பக்கத்து சீட் பையன் அதுல அஞ்சு வாக்கியத்தை அடிச்சுட்டு, அதை இடம் மாத்தி எழுதி, வேற பத்தியிலேர்ந்து ரெண்டு வாக்கியத்தையும் சேத்துத் தரணும், நாம பொருத்தணும், அப்புறம் நாம அவனுக்குப் போட்டுத் தரணும். எந்த வாக்கியத்தை உருவினா கண்டுபிடிக்கவே முடியாதுன்னு தேடறப்பதான் 'இது', 'அவங்க', 'ஆனாலும்' மாதிரி குட்டி வார்த்தை எல்லாம் முன்னாடி வரியைப் பிடிச்சுட்டு நிக்கறது கண்ல படும். காசும் செலவில்ல, கிளாஸ் நடுவுல கிடைக்கற பத்து நிமிஷ பிரேக்லயே ஒண்ணு போட்டுடலாம்.