மலைநாட்டு வானுக்கு ஈயப் பற்றரியா, லித்தியம் பற்றரியா?

எங்கள் வானின் பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு, இருவர் படுக்கக்கூடிய பலகைக் கட்டில், 12 வோல்ட்டில் இயங்கும் சிறு குளிர்சாதனப் பெட்டி, நான்கு எல்.ஈ.டி. விளக்குகள், தண்ணீர் இறைக்கும் சிறு மோட்டர் ஆகியவற்றை 2021ஆம் ஆண்டில் பொருத்தினோம். 1977 வன்செயலுக்குப் பின் கிளிநொச்சியில் போய்க் குடியேறிய அக்காவின் குடும்பத்தைப் பார்க்கவும், ஆண்டுக்கு ஒரு முறை கதிர்காமத்துக்குப் போகவும், இடையிடையே நுவரெலியாப் பக்கம் ஓர் இரவு தங்கவும் உதவும் என்பதே நோக்கமாக இருந்தது. வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டிருந்ததால் வேறு வாகனம் வாங்கும் பேச்சுக்கே இடமிருக்கவில்லை. கையில் இருந்த வானையே தங்குமிடமாக மாற்றிக்கொண்டோம்.

வானை ஸ்டார்ட் செய்யும் பற்றரி வேறு. உள்ளே விளக்குக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் மின் தரும் பற்றரி வேறு. இந்த இரண்டாவது பற்றரியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். 2021 முதல் 2023 வரை 100 அம்பியர் மணித்தியால (பற்றரியில் அடங்கும் மின்னின் அளவு) ஈயப் பற்றரி ஒன்றை வைத்திருந்தேன். 2023 இறுதியில் அதை எடுத்துவிட்டு, அதே அளவுள்ள லித்தியம் இரும்புப் பொஸ்பேட்டுப் பற்றரியைப் போட்டேன். அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் வாழ்பவர்களுக்கு லித்தியமே பொருத்தம் என்று இன்று தயக்கமின்றிச் சொல்வேன். அதற்கான முக்கிய காரணம் வழமையாகச் சொல்லப்படும் காரணம் அன்று என்பதால்தான் இதை எழுத முற்பட்டேன்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். 100 அம்பியர் மணித்தியால ஈயப் பற்றரி ஏறக்குறைய 28 கிலோ எடையுள்ளது. அதே அளவு லித்தியம் 12 கிலோ அளவில் இருக்கும். ஈயத்தில் பாதியை மட்டுமே பயன்படுத்துவது நல்லது. லித்தியத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தாராளமாக எடுக்கலாம். எங்கள் தேவை நாளொன்றுக்கு ஏறக்குறைய 40 அம்பியர் மணித்தியாலம். அதில் பெரும்பகுதி குளிர்சாதனப் பெட்டிக்குப் போகிறது. ஆகவே ஈயத்தில் ஒரு நாளைக்குச் சற்று மேல், லித்தியத்தில் இரண்டு நாள். வாங்கும் விலையில் லித்தியம் ஈயத்தைவிடப் பல மடங்கு. இந்த ஒரு காரணத்தால்தான் நானும் 2021இல் ஈயத்தை எடுத்தேன்.

தீர்ப்பை மாற்றியது எடையும் அன்று, ஆயுட்கணக்கும் அன்று. பாதி மின்னேற்றத்தோடு பற்றரி கிடக்கும் நாட்களின் எண்ணிக்கைதான்.

ஈயப் பற்றரியிலிருந்து மின் எடுக்கும்போது தகடுகளில் ஈயச் சல்பேற்று படிகிறது. உடனே முழுமையாக மின்னேற்றினால் அந்தப் படிவு கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். பாதியிலோ முக்காலிலோ வாரக்கணக்கில் விட்டால் அது கடினமான படிகமாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் அந்தப் பகுதி வேலைக்கு ஆகாது. எனவே ஈயப் பற்றரியைப் பராமரிப்பது என்பது தண்ணீர் ஊற்றுவதோ முனைகளுக்குக் கிரீஸ் பூசுவதோ மட்டுமன்று. பயன்படுத்திய ஒவ்வொரு முறையும் நூறு வீதம் வரை நிரப்பிவைப்பதுதான் அதன் உண்மையான பராமரிப்பு. அந்த நூறு வீதத்தை எட்டுவதுதான் மலையில் அரிது.

காரணம், ஈயப் பற்றரியின் கடைசி இருபது வீதம் மிக மெதுவாகவே நிரம்புகிறது. எண்பது வீதம் வரை அது மின்னோட்டத்தை ஆவலோடு வாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் வாங்கும் அளவு படிப்படியாகக் குறைந்து, மீதி நிரம்ப நான்கு மணித்தியாலமோ அதற்கு மேலோ பிடிக்கும். அட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு வானில் போக ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம் ஆகும். இறங்கியதும் எஞ்சின் நின்றுவிடும். இரவில் மறுபடியும் மின் எடுப்போம். காலையில் திரும்பும்போது இன்னொரு ஒன்றரை மணித்தியாலம். ஒவ்வொரு பயணத்திலும் பற்றரி எழுபது, எண்பது வீதத்தைத் தொட்டுவிட்டு அங்கேயே நின்றது. கிளிநொச்சிப் பயணம் மட்டுமே அதற்கு வயிறு நிறைந்த சாப்பாடு; அது ஆண்டுக்கு இரண்டு முறைதான்.

கூரையில் 100 வாட் சோலார் தகடு இருக்கிறதே, மீதியை அது நிரப்பாதா என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நம்பினேன். தெளிவான மாசி மாதத்து வெயிலில் அது நாளொன்றுக்கு 25 முதல் 30 அம்பியர் மணித்தியாலம் வரை தந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் செப்டெம்பர் வரை அட்டன் பக்கம் காலை முதல் மாலை வரை மூடுபனியும் தூறலுமாகவே இருக்கும். அந்த நாட்களில் சில தடவைகள் நான் பார்த்தபோது நாள் முழுவதற்கும் 5 அம்பியர் மணித்தியாலத்தைத் தாண்டவில்லை. வான் வீட்டு முற்றத்தில் நின்றபடியே, பற்றரி எழுபது வீதத்தில், ஐந்து மாதம்.

இரண்டு பருவமழைகளில் முடிவு தெரிந்துவிட்டது. 2023 செப்டெம்பரில், வீட்டு மின்சாரத்தில் ஒரு நாள் முழுக்க மின்னேற்றி, ஓர் இரவு ஆறவிட்டு அளந்தபோது மல்ரிமீற்றர் 12.6 வோல்ட் காட்டியது. பார்ப்பதற்கு அது நிறைந்த பற்றரி. பிறகு ஏறக்குறைய 5 அம்பியர் இழுக்கும் 55 வாட் முன்விளக்கு பல்பு ஒன்றை அதில் இணைத்து நேரம் பார்த்தேன். 100 அம்பியர் மணித்தியாலம் என்று எழுதிய பற்றரி, 5 அம்பியர் வீதம் 20 மணித்தியாலம் மின் தந்து 10.5 வோல்ட்டுக்கு இறங்க வேண்டும் என்பதே அந்தக் கணக்கின் பொருள். என்னுடையது ஏழு மணித்தியாலத்தில் அந்த எல்லைக்கு வந்துவிட்டது. வோல்ட்டை மட்டும் பார்த்து ஈயப் பற்றரியின் உடல்நிலையைச் சொல்ல முடியாது என்பதை அன்று கற்றேன். பழைய பற்றரி வாங்குபவர்கள் இந்தப் பல்புச் சோதனையைச் செய்யாமல் காசு கொடுக்க வேண்டாம்.

என் ஈயப் பற்றரி இவ்வளவு விரைவில் கெட்டதற்கு மழை மட்டும் காரணமன்று, வயரும் காரணம். முதலில் வேலை செய்துகொடுத்தவர் எஞ்சினிலிருந்து பின்பக்கப் பற்றரிக்கு 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரை இழுத்திருந்தார். போக 5 மீற்றர், திரும்ப 5 மீற்றர், ஆக 10 மீற்றர். 20 அம்பியர் ஓடும்போது அந்த வயரிலேயே ஏறக்குறைய 0.9 வோல்ட் இழக்கப்படுகிறது. எஞ்சின் பக்கத்தில் 14.2 வோல்ட் இருந்தாலும் பின்னால் வந்து சேர்வது 13.3 மட்டுமே, ஈயப் பற்றரி நன்றாக நிரம்ப 14.4 அளவு தேவை. பற்றரி நிரம்பி மின்னோட்டம் குறையக் குறைய இந்த இழப்பும் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் நுவரெலியா வந்துவிடுகிறது. அதே தூரத்துக்கு 16 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்டுக்குச் சற்று மேல்தான். இந்த ஒரு திருத்தத்தை முதலிலேயே செய்திருந்தால் ஈயப் பற்றரி இன்னும் ஓர் ஆண்டாவது உழைத்திருக்கும் என்று நம்புகிறேன். ஈயத்தையே தொடர்ந்து வைத்திருக்க விரும்புபவர்கள் புதிய பற்றரிக்குச் செலவழிக்கும் முன் வயரின் தடிப்பைப் பார்க்க வேண்டும்.

லித்தியத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. பாதியில் நின்றாலும் அதற்குக் கேடில்லை; படிகமாக இறுக அதில் ஈயமே இல்லை. நிரம்பும் தறுவாய் வரை கொடுக்கும் மின்னோட்டத்தை ஏறக்குறைய முழுமையாக வாங்கிக்கொள்கிறது. எஞ்சினுக்கும் பற்றரிக்கும் இடையில் வைக்கும் 30 அம்பியர் மின்னேற்றியோடு ஒன்றரை மணித்தியாலம் ஓடினால், முந்தைய இரவில் எடுத்த 40 அம்பியர் மணித்தியாலமும் திரும்ப வந்துவிடுகிறது. குறுகிய மலைப் பயணங்களுக்கு இதைவிடப் பொருத்தமான குணம் வேறில்லை.

ஆனால் பழைய பற்றரியைக் கழற்றி, அதே முனைகளில் லித்தியத்தை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணக்கூடாது. லித்தியத்தின் உள்தடை (மின்னோட்டத்துக்குப் பற்றரிக்குள் உள்ள எதிர்ப்பு) மிகக் குறைவு. எஞ்சின் ஓடும்போது மின் உண்டாக்கும் ஒல்டனேற்றரோடு வெறும் ரிலே (தானியங்கிச் சுவிட்சு) வழியாக இணைத்தால், ஒல்டனேற்றர் தரக்கூடிய மின்னோட்டம் முழுவதையும் பற்றரி இழுத்து, ஒல்டனேற்றரைச் சூடாக்கிவிடும். கினிகத்தேனை ஏற்றத்தில் லொறி ஒன்றின் பின்னால் ஊர்ந்து போகும்போது எஞ்சின் அறையில் காற்றோட்டமும் குறைவு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே இடையில் ஒரு டிசி-டிசி மின்னேற்றி கட்டாயம் வேண்டும். அது மின்னோட்டத்தை ஓர் அளவுக்குள் வைத்து, பற்றரிக்குத் தேவையான சரியான வோல்ட்டையும் பின்பக்கத்திலேயே உருவாக்கித் தருகிறது. அதற்கான செலவையும் பற்றரியின் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறார்கள். எஞ்சின் பக்கத்திலிருந்து பின்பக்கப் பற்றரிக்குப் போகும் வயரின் இரு முனைகளிலும், பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், பியூஸ் இருக்க வேண்டும். இரு பக்கமும் பற்றரி இருப்பதால், நடுவில் வயர் உரசி வானின் இரும்பு உடலில் பட்டால் இரு பக்கமிருந்தும் மின் பாயும். எங்கள் வளைவுப் பாதைகளில் வயர் ஓயாமல் ஆடி உரசும் என்பதால் இதில் சமரசம் வேண்டாம்.

இழுத்துச் செல்லும் டிரெயிலரில் தங்குமிடம் அமைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். அவர்களுக்கு வயர் இன்னும் நீளமாவதோடு கொக்கிக்கு அருகிலுள்ள இணைப்பிலும் இழப்பு உண்டு. மின்னேற்றியை இழுக்கும் வாகனத்தில் வைக்காமல் டிரெயிலரிலுள்ள பற்றரிக்குப் பக்கத்தில் வைப்பது நல்லது. நான் டிரெயிலர் வைத்திருந்ததில்லை. நண்பர் ஒருவருக்கு வயர் இழுக்க உதவிய அளவே என் அனுபவம்.

லித்தியத்துக்கு எதிராகச் சொல்லப்படுவது குளிர். பூச்சியம் பாகைக்குக் கீழே மின்னேற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து பற்றரி நிரந்தரமாகப் பழுதாகும் என்பது உண்மை. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி விழுகிறது. ஆனால் திறந்த புல்வெளி உறைவது வேறு, இருவர் தூங்கிய வானுக்குள் கட்டிலின் கீழ் உள்ள பற்றரி உறைவது வேறு. அப்படிப்பட்ட காலை ஒன்றில் பற்றரிப் பெட்டிக்குள் வைத்த வெப்பமானி 9 பாகை காட்டியது. குளிரில் மின்னேற்றத்தைத் தானே நிறுத்தும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்கினால் போதும்.

ஈயத்தின் பக்கம் நின்று பேச வேண்டிய இடங்களும் உண்டு. பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளைப் பக்கம் வாழ்பவர்களுக்குத் தென்மேற்குப் பருவகாலம் பெரும்பாலும் வெயிலான காலம். அவர்கள் வான் அந்த மாதங்களில் முற்றத்தில் நின்றே நிறைந்துவிடும். வீட்டில் வானுக்குப் பக்கத்தில் பிளக் பொயின்ற் இருந்து, ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நல்ல மின்னேற்றியில் ஓர் இரவு விடும் ஒழுங்கு உள்ளவர்களுக்கும் ஈயம் துரோகம் செய்யாது. ஆண்டுக்கு நான்கு இரவுகள் மட்டுமே தங்குபவர்கள் லித்தியத்துக்குக் காசைக் கொட்டுவது வீண். மேலும், செத்த ஈயப் பற்றரிக்கும் விலை உண்டு. பழைய பற்றரிக் கடையில் நிறுத்துப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள், அந்தப் பணம் புதிய வயருக்குப் போதுமாக இருந்தது. லித்தியம் செத்தால் எங்கள் ஊரில் அதை யாரும் கேட்கப் போவதில்லை. உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று பழுதானால் கொழும்புக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும். பத்தாண்டு உழைக்கும் என்று விற்பவர்கள் சொன்னதற்கு நான் சாட்சி சொல்ல முடியாது. முதல் இரண்டு பருவமழைகளுக்குப் பிறகு அதே பல்புச் சோதனையில் அது 20 மணித்தியாலத்தைத் தாண்டியது என்பதற்கு மட்டுமே சாட்சி.

2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்ட காலத்தில் பலர் வாங்கிய இன்வேட்டர்கள் (பற்றரியை மின்னேற்றிவைத்து, மின்வெட்டின்போது அதிலிருந்து வீட்டுக்கு மின் தருபவை) இப்போது மூலையில் கிடக்கின்றன. அவற்றை லித்தியம் மின்னேற்றப் பயன்படுத்தலாமா என்று இருவர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அவற்றுள் பல ஈயப் பற்றரிக்காகவே செய்யப்பட்டவை; இறுகிய படிவைக் கரைப்பதற்காக இடையிடையே வோல்ட்டை 15க்கு மேல் உயர்த்தும். லித்தியத்துக்கு 14.6ஐத் தாண்டக்கூடாது. லித்தியம் என்று தனியாகத் தெரிவுசெய்யும் வசதி இல்லாத எந்த மின்னேற்றியையும் அதில் மாட்ட வேண்டாம்; சோலார் கட்டுப்பாட்டுக் கருவியிலும் அந்தத் தெரிவை மாற்ற மறக்க வேண்டாம்.

இந்த ஆண்டும் மே மாதம் பிறந்ததும் வானை முற்றத்தில் நிறுத்தி, லித்தியம் பற்றரியை ஏறக்குறைய அறுபது வீதத்தில் வைத்து, எதிர்முனை வயரைக் கழற்றிவிடுவேன். நீண்ட நாள் நிற்கும்போது அது முழுதாக நிறைந்திருப்பதைவிடப் பாதி அளவில் இருப்பதே அதற்கு நல்லது. அடுத்த கிளிநொச்சிப் பயணத்துக்கு முதல் நாள் வயரை மாட்டினால் போதும்; மீதியை வான் கண்டியைத் தாண்டுவதற்குள் எஞ்சினே நிரப்பிவிடும்.