பெட்-சிடியா, பெட்-எம்ஆர்ஐயா? எந்த உறுப்புக்கு எது

பெட்-சிடி, பெட்-எம்ஆர்ஐ இரண்டும் பெரும்பாலும் புற்றுநோயைத் தேட எடுக்கும் ஸ்கேன்கள். இரண்டிலும் பாதி வேலை ஒன்றேதான். கதிரியக்க ஃபுளூரின்-18 ஒட்டிய ஒருவகை சர்க்கரையை, அதாவது எஃப்டிஜியை, கை நரம்பில் ஏற்றுவார்கள். சர்க்கரையை அதிகம் இழுக்கும் செல்கள் பெட் படத்தில் பளிச்சென்று தெரியும். அந்தப் பளிச் உடலில் சரியாக எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டுவது மறுபாதி. அதைச் சிடியும் செய்யும், எம்ஆர்ஐயும் செய்யும். போட்டியே இங்கேதான்.

ஊசிக்கு முன்பான தயாரிப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு. வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். சர்க்கரை சேர்ந்த இருமல் மருந்து, சூயிங்கம், குளுக்கோஸ் டிரிப் எல்லாம் சாப்பாட்டுக் கணக்கில்தான் வரும். முந்தைய 24 மணி நேரம் கடும் உடற்பயிற்சி வேண்டாம். உழைத்த தசை எஃப்டிஜியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ரத்தச் சர்க்கரை 200 மி.கி./டெ.லி.யைத் தாண்டினால் பெரும்பாலும் வேறு நாள் வரச் சொல்வார்கள்.

அதற்குப் பயந்து கிளம்பும் நேரத்தில் இன்சுலின் போட்டுக்கொண்டு வருவதைவிடப் பெரிய தவறு இல்லை. மீட்டரில் எண் அழகாக இறங்கியிருக்கும். ஆனால் இன்சுலின் எஃப்டிஜியையும் தசைக்குள் தள்ளிவிடும். படத்தில் தொடையும் தோளும் மின்ன, தேடிவந்த கட்டி மங்கிக் கிடக்கும். வேகமாக வேலை செய்யும் இன்சுலினுக்கும் எஃப்டிஜி ஊசிக்கும் நடுவே குறைந்தது 4 மணி நேரம் வேண்டும். சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் குடலை மின்ன வைக்கும் என்பதால், குடலைப் பார்ப்பதாக இருந்தால் 48 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வதுண்டு. சொன்னால் மட்டும் நிறுத்துங்கள்.

ஊசி போட்டபின் சுமார் 60 நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பேசிக்கொண்டே இருந்தால் குரல்வளைத் தசை படத்தில் ஏறும், மென்றால் தாடை. குளிரில் நடுங்கினால் கழுத்திலும் தோள்பட்டையிலும் உள்ள, உடம்பைச் சூடாக்கும் பழுப்புக் கொழுப்பு விழித்துக்கொண்டு, புற்று பரவிய நிணநீர்க் கணுவோ என்று சந்தேகப்பட வைக்கும். போர்வை கேட்கத் தயங்காதீர்கள். மேசையில் ஏறுமுன் சிறுநீர் கழித்துவிட வேண்டும். நிரம்பிய பையின் வெளிச்சம் பக்கத்தில் இருப்பதை மறைக்கும்.

இனிதான் பாதை பிரிகிறது.

பெட்-சிடியில் மேசையில் கிடப்பது சுமார் 15 முதல் 30 நிமிடம். வளையம் அகலம், சத்தம் குறைவு. கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வைக்கச் சொல்வார்கள். தோள்வலி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், பாதியில் கையை இறக்கினால் படம் கெடும். பேஸ்மேக்கர் தடையில்லை. நுரையீரலில் சில மில்லிமீட்டர் முடிச்சு வரை பார்ப்பதில் சிடியை எம்ஆர்ஐ எட்டிப்பிடிக்க முடியாது.

இதன் பலவீனம் மூச்சு. சிடி மார்பைச் சில நொடிகளில் படம் பிடித்துவிடும். பெட் அதே இடத்தைச் சில நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கும். சிடியின்போது மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்தால் உதரவிதானம் கீழே போய்விடும், கல்லீரலின் உச்சியில் இருக்கும் புள்ளி நுரையீரலில் இருப்பதுபோல விழும். அதனால்தான் "சாதாரணமா மூச்சு விடுங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

பெட்-எம்ஆர்ஐயில் பெரும்பாலும் இரண்டும் ஒரே நேரத்தில் பதிவாகும், ஆகவே இடம் மாறும் தொல்லை குறைவு. மூளை, கல்லீரல், இடுப்புக்குழி உறுப்புகள் போன்ற மென்திசுக்களில் அதன் தெளிவே தனி. சிடியின் கதிர்வீச்சு இதில் இல்லை. எஃப்டிஜி தருவது மட்டுமே. குறைந்த அளவு சிடி சில மில்லிசீவர்ட்டோடு (கதிர்வீச்சை அளக்கும் அலகு) நிற்கும், முழு அளவு சிடி 10-ஐத் தாண்டலாம். ஆகவே திரும்பத் திரும்ப ஸ்கேன் தேவைப்படும் குழந்தைகளுக்கு இந்த வித்தியாசம் பெரிது. வயதான புற்றுநோயாளிக்கு இதை ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விலை வேறு விதமாகக் கொடுக்க வேண்டும்: முழு உடலுக்கு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்கு மேலும், குறுகலான குழாயில், காதடைப்பானையும் மீறும் தடதடப்போடு. பழைய பேஸ்மேக்கர், சிலவகை மூளை ரத்தக்குழாய் கிளிப், கண்ணில் இரும்புத்துகள் இருந்தால் உள்ளேயே விடமாட்டார்கள். பொருத்திய உலோகத்தின் விவர அட்டை கையில் இருந்தால் அரைநாள் மிச்சம். செயற்கை இடுப்பு மூட்டு இரண்டு படத்தையும் கெடுக்கும், கெடுக்கும் விதம்தான் வேறு: சிடியில் மூட்டைச் சுற்றி இல்லாத வெளிச்சம் தோன்றலாம், எம்ஆர்ஐயில் அந்த இடமே கருங்குழியாகலாம்.

ஆக, நுரையீரல், நிணநீர்ப் புற்று, உடல் முழுக்கப் பரவலைத் தேடுவது என்றால் பெட்-சிடி போதும். மூடிய இடத்தைக் கண்டால் பதறுகிறவருக்கும் அதுவே. மூளை, கல்லீரல், இடுப்புக்குழி, குழந்தைகள் என்றால் பெட்-எம்ஆர்ஐக்காகக் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு.

சிகிச்சைக்கு நடுவில் திரும்ப எடுப்பவர்கள் மட்டும் இயந்திரத்தை மாற்றாதீர்கள். வெளிச்சத்தின் அளவை எஸ்யூவி என்ற எண்ணால் குறிப்பார்கள். இயந்திரம் மாறினாலும், ஊசிக்குப் பின் காத்திருந்த நேரம் 60-லிருந்து 90 நிமிடம் ஆனாலும் அந்த எண் மாறும். கட்டி வளர்ந்ததா, கணக்கு மாறியதா என்று பிரித்தறிவது அப்புறம் கஷ்டம். அதே மையம், அதே காத்திருப்பு நேரம், கையில் பழைய ஸ்கேன் பதிந்த குறுவட்டு.