செகண்ட் ஹேண்ட் எலக்ட்ரிக் கார் எடுக்கறவங்க அடியில குனிஞ்சு பாத்துட்டு காசு குடுங்க

குன்னூர், கோத்தகிரி பக்கத்துல இருந்து கோயமுத்தூர் போயி பழைய எலக்ட்ரிக் கார் பாக்கறவங்க அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க. நான் வாங்கி ஏமாந்த கடை பேரு போடல, கேஸ் நடக்குது.

வண்டி எடுக்கறப்ப டேஷ்போர்டுல ஒரு வார்னிங் லைட் கூட இல்ல. "சாஃப்ட்வேர் எல்லாம் லேட்டஸ்ட்டுங் சார், கண்ண மூடிட்டு எடுங்க"ன்னாங்க. கொஞ்ச நாள்லயே நல்ல மழையில பர்லியார் தாண்டி ஏறிட்டு இருக்கேன், திடீர்னு சிவப்பு லைட் எரிஞ்சு வண்டி பவரே இல்லாம ஊர ஆரம்பிச்சிருச்சு, பின்னாடி பஸ்காரர் விடாம ஹாரன், பக்கத்துல வீட்டுக்காரம்மா எறங்கிரலாங்கன்னு ஒரே பதட்டம்.

மேட்டுப்பாளையத்துல தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் வண்டிய தூக்கி வெச்சு தின்னர் நனைச்ச துணியால தேய்ச்சாரு. கருப்பு பெயின்ட் உரிஞ்சு வந்துச்சு, அதுக்குள்ள பட்டி, அத சுரண்டுனா பேட்டரி பெட்டி கட்டைவிரல் பதியற அளவுக்கு நசுங்கி ஓரத்துல விரிசல். அது வழியாதான் தண்ணி உள்ள போயி இன்சுலேஷன் ஃபால்ட் (கரண்ட் லீக் ஆகாம தடுக்கற காப்பு கெட்டுப்போறது) வந்திருக்கு. கம்பெனி சர்வீஸ்ல பழைய ரெக்கார்ட் எடுத்தா இதே ஃபால்ட் எனக்கு விக்கறதுக்கு முன்னாடியே வந்திருக்கு, ஸ்கேனர் போட்டு அழிச்சிட்டு வித்திருக்கானுங்க. பேட்டரிக்கு போட வேண்டிய ரீகால் (கோளாறுன்னு கம்பெனியே வண்டிய திரும்ப கூப்பிட்டு சரி பண்றது) அப்டேட்டும் போடவே இல்ல!

கடையில கேட்டா மலையில ஓட்டுனா அடிபடத்தான் செய்யும், நீங்கதான் குத்தியிருப்பீங்கங்கறான். அப்ப நானே குத்திட்டு நானே பட்டி பூசி பெயின்டும் அடிச்சனா?

அடிபட்ட லித்தியம் செல் அன்னிக்கே பத்தணும்னு இல்ல, நாள் கழிச்சும் பத்தும், ஒரு செல் சூடேறுனா பக்கத்து செல்லும் சேந்து எரியும், அணைச்ச பிறகும் மறுபடி பிடிக்கும். 2021-ல அமெரிக்காவுல செல் தயாரிப்புக் கோளாறுக்காக ஷெவர்லே போல்ட் கார் எல்லாத்தையும் ரீகால் பண்ணப்ப வீட்ட விட்டு தள்ளி வெளிய நிறுத்துங்க, ராத்திரி பூரா சார்ஜ்ல விடாதீங்கன்னே கம்பெனி சொல்லுச்சு. நம்மூர்ல கார் நிக்கற எடத்துக்கு மேலதான் பெட்ரூமே.

அதனால கடைக்காரன் காட்டற பேப்பர நம்பாதீங்க. கம்பெனி சர்வீஸ்லயே வண்டிய தூக்கி பாத்து பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட் வாங்குங்க, சேசிஸ் நம்பர் குடுத்து ரீகால் பாக்கி இருக்கான்னு கேளுங்க. விக்கறவன் இதுக்கு ஒத்துக்கலன்னா வண்டியே வேணாம்.

2019 நுகர்வோர் சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், நான் ஊட்டியிலதான் போட்டிருக்கேன், கோயமுத்தூருக்கு அலைய வேண்டியதில்ல. முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணியும் புகார் குடுக்கலாம். இதே மாதிரி பட்டி பூசுன வண்டி யாராவது வாங்கி மாட்டியிருந்தா பில்லோட இன்பாக்ஸ்ல வாங்க.