கச்சானா, வத்தகப்பழமா?

நல்லூர்த் திருவிழாவில் வறுத்த கச்சான் வாங்கிக் கொறிப்பவர் எல்லோரும் ஆர்ஜினின் சாப்பிடுகிறார்கள். 100 கிராம் கச்சானில் அது ஏறத்தாழ 3 கிராம் உண்டு. சிட்ருலின் இருப்பது வத்தகப்பழத்தில். பழத்தின் தாவரவியல் பெயரே அதற்கும் பெயராயிற்று. இந்த இரண்டு அமினோ அமிலங்களையும் இப்போது வெள்ளைத் தூளாக்கி டப்பாவில் விற்கிறார்கள். சொல்லும் பலனும் ஒன்றே: உடலில் நைட்ரிக் ஒக்சைட் கூடும், இரத்தக் குழாய் விரியும், பயிற்சியில் களைப்புப் பிந்தும்.

நைட்ரிக் ஒக்சைட்டை உடல் ஆர்ஜினினில் இருந்துதான் செய்கிறது. ஆகவே அதையே வாங்குவோம் என்று வாதாடினான் மச்சான். வழியில் சோதனைச்சாவடி இருப்பதை மறந்துவிட்டான். குடற்சுவரிலும் ஈரலிலும் உள்ள ஆர்ஜினேஸ் என்ற நொதியம், விழுங்கிய ஆர்ஜினினில் பெரும் பங்கை அங்கேயே சிதைத்துவிடும். சிட்ருலினை அது தொடாது. சிட்ருலின் ஈரலைத் தாண்டிச் சிறுநீரகத்துக்குப் போய், அங்கே ஆர்ஜினினாக மாறுகிறது. சுற்றுப்பாதைதான், ஆனாலும் இரத்தத்தில் ஆர்ஜினினை நன்றாக உயர்த்துவது இதுவே. சிறுநீரகம் பழுதானவருக்கு இந்த மாற்றம் குறைந்துபோகும்.

மச்சான் முதல் நாளே 10 கிராமைக் கரைத்து ஒரே மூச்சில் குடித்தான். ஜிம்முக்குப் புறப்பட்டவன் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வளவின் பின்பக்கம் ஓடினான். உறிஞ்சப்படாத ஆர்ஜினின் குடலுக்குள் நீரை இழுக்கும். ஒருவருக்குத் தாங்கும் அளவு இன்னொருவருக்கு வயிற்றோட்டம். நான் குடித்தது 6 கிராம் சிட்ருலின். வயிறு முணுமுணுக்கவில்லை. பளு தூக்குவதிலும் பெரிய மாற்றம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மீனும் பருப்பும் தின்கிற, நோயில்லாத இளம் உடம்பில் ஆர்ஜினினுக்குப் பஞ்சமில்லை. நிறைந்த குடத்தில் ஊற்றினால் வழியத்தான் செய்யும்.

பழமே போதாதா என்றால், 6 கிராமுக்கு ஏறத்தாழ 3 கிலோ தின்ன வேண்டும். சிட்ருலின் மாலேட் என்ற டப்பாவில் மாலிக் அமிலமும் கலந்திருக்கும். எடையில் இரண்டுக்கு ஒன்று என்றால் 6 கிராமில் சிட்ருலின் 4 கிராம்தான். நான் வாங்குவது மாலேட் இல்லாத சிட்ருலின்.

மாமாவும் ஒரு கரண்டி கேட்டார். மாரடைப்பு வந்தவர், நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரேட் குளிசையைச் சட்டைப்பையில் வைத்திருப்பவர். மாரடைப்புக்குப் பின் ஆர்ஜினின் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்று 2006இல் வெளிவந்தது. ஆர்ஜினின் எடுத்தவர்களில் 6 பேர் இறந்தார்கள், மற்றக் குழுவில் ஒருவரும் இல்லை, ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். சிட்ருலினும் கடைசியில் ஆர்ஜினின்தானே. நைட்ரேட்டோடு சேர்ந்தால் பிரஷர் தடாலென்று இறங்கவும் கூடும். இரண்டு டப்பாக்களையும் மூடி அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.